ஆகாய மார்க்கமும் அரசாங்கத்தின் கடமையும்

"பஸ்காரன் றூட்டைக் கைவிட்டால் போய்க் கேக்கிறதுக்கு ஒரு கந்தோர் இருக்குது, தம்பி. பிளேன்காரன் கைவிட்டால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அராலியைச் சேர்ந்த முதிய விவசாயி ஒருவர், காணி வழக்கொன்றின் நிமித்தம் எம்மிடம் வந்திருந்த வேளையிலே, பேச்சோடு பேச்சாகத் தொடுத்த வினா இது. சட்டப் புத்தகங்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தும் அவருக்கு உடனே விடை பகர எம்மால் இயலவில்லை. அவர் மனைவிக்குச் சென்னையிலே கண் வைத்தியம். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் வட்டுக்கோட்டையிலிருந்து இரவோடிரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்க சென்று, அங்கிருந்து விமானமேறி, வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்பிப் பறந்து சென்னை போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் அந்த முதிய தம்பதியர். பலாலியிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். வட்டுக்கோட்டையிலிருந்து கட்டுநாயக்கவுக்குத் தரைவழித் தூரம் அதற்குக் குறைந்ததன்று. சென்னைக்குப் போகும் தூரத்தை முதலில் தெற்கு நோக்கி ஓடிக் கழித்த பின்னரே அவர்களுக்குச் சென்னைப் பயணம் தொடங்கிற்று!

இந்நிலை எங்ஙனம் நேர்ந்தது? 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி விமானத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு ஆரவாரமாகத் திறந்து வைக்கப்பட்டது. நொவெம்பர் 11 முதல் இந்திய அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் எயர் சென்னைக்குச் சேவை நடத்தியது. நான்கே மாதம். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்தது; விமானங்கள் நின்றன. அதில் நாம் குறை காணவில்லை, உலகமே நின்றது. ஆனால் 2021 ஜனவரி 21 அன்று இலங்கையின் விமான நிலையங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டன. பலாலியிலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானம் எழுந்ததோ 2022 டிசெம்பர் 12 இல். இடையிலே ஏறக்குறைய இருபத்து மூன்று மாதங்கள்.

இந்திய அரசாங்கம் ஒழுங்கான சர்வதேச சேவைகளை 2022 மார்ச் 27 வரை நிறுத்தி வைத்திருந்தது என்பதையும் நேர்மையின் பொருட்டுச் சொல்லியாக வேண்டும். ஆயினும் 2021 ஏப்பிரலிலேயே இந்தியாவும் இலங்கையும் தமக்குள் விசேட ஏற்பாடொன்றைச் செய்து, வரையறுக்கப்பட்ட விமான சேவைகளை அனுமதித்தன. 2022 மார்ச்சுக்குப் பின்னரோ அந்தத் தடையும் இல்லை. அதன் பின்னும் எட்டரை மாதம் பலாலியின் ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது. இக்காலமெல்லாம் சேவையை மீளத் தொடங்கும் கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை. தொடங்காமைக்குக் காரணம் கூறும் கடப்பாடும் எவருக்கும் இருக்கவில்லை. எமது குற்றச்சாட்டு இதுவே. விமானம் நின்றதன்று, நின்றதற்கு விடை கூறுவார் இல்லாமற் போனதே.

வணிக விமான சேவை என்பது வியாபாரி ஒருவன் தன் கடையைத் திறப்பதும் மூடுவதும் போன்ற காரியமா? அன்று. 1944 ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள ஆகாயத்தின்மீது ஒவ்வோர் அரசுக்கும் முழு இறைமை உண்டு என்பதை முதலாம் உறுப்புரையிலேயே நிலைநாட்டியுள்ளது. ஆறாம் உறுப்புரையோ இன்னும் தெளிவானது. ஒழுங்கான சர்வதேச விமான சேவை எதுவும் அந்தந்த அரசின் அனுமதியின்றி நடத்தலாகாது. நடத்துவதாயின் அவ்வனுமதியின் நிபந்தனைகளுக்கு அமையவே நடத்தல் வேண்டும். இலங்கை 1948 இலேயே இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 1950 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விமான ஓட்டச் சட்டமும், பின்னர் 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டமும் இவ்வடிப்படையிலேயே எழுந்தவை. ஆகவே பலாலிக்கு வரும் ஒவ்வொரு விமானமும் அரசின் அனுமதியைத் தாங்கியே வருகிறது. அனுமதி கொடுப்பவன் நிபந்தனை விதிக்கலாம். விதிக்கலாம் என்பது மட்டுமன்று. பொதுமக்களின் சொத்தாகிய ஆகாயத்தை ஒரு கம்பனிக்குப் பயன்படுத்தக் கொடுக்கும் அரசு, அம்மக்களின் நலனுக்காக நிபந்தனை விதித்தே ஆகவேண்டும் என்பது எமது வாதம்.

எமது வீதிகளில் ஓடும் தனியார் பஸ்ஸைப் பாருங்கள். வழி அனுமதிப்பத்திரம் பெற்றவர் நேர அட்டவணைப்படி ஓட வேண்டும். விதிக்கப்பட்ட கட்டணமே வாங்க வேண்டும். நல்லூர்த் தேரன்று கூட்டம் அதிகம் என்பதற்காகக் கட்டணத்தை மும்மடங்காக்க நடத்துநருக்கு அதிகாரமில்லை. (அங்ஙனம் செய்பவர் எவருமில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை, செய்தால் அது குற்றம் என்பதே பேச்சு.) பத்து மைல் ஓடும் பஸ்ஸுக்குள்ள கட்டுப்பாடு, கடல் கடந்து பறக்கும் விமானத்துக்கு ஏன் இல்லை?

அரசு விரும்பினால் விமானம் பறக்கும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. புதிய சான்றும் உண்டு. 1947 டிசெம்பர் 10 அன்று எயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, சென்னைக்குச் செல்லும் வழியில் இறங்கிய இடம் எமது காங்கேசன்துறை விமானத்தளமே. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரு மாதங்களுக்கு முன், அரசின் விமான சேவை வட புலத்தை ஊடறுத்தே தன் முதற் பாதையை வகுத்தது. பின்னாளில் என்ன நடந்தது? 2013 மார்ச்சில் தெற்கே மத்தளவில் பெருங்கடன் பட்டுப் புதிய விமான நிலையம் எழுப்பப்பட்டது. பயணிகள் இல்லாத இடத்துக்கு அரசின் ஸ்ரீலங்கன் விமான சேவை பறந்தது. ஆட்சி மாறிய 2015 ஜனவரியில் அச்சேவை நிறுத்தப்பட்டது. மத்தளவுக்கு விமானம் பறந்தது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த ஊருக்கு விமானம் பறக்க வேண்டும் என்பதைச் சந்தை மட்டுமே தீர்மானிக்கிறது என்று இனி எவரும் எமக்குப் பாடம் புகட்ட வேண்டாம் என்றே சொல்கிறோம்.

கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிப்போர் அமெரிக்காவை மேற்கோள் காட்டுவது வழக்கம். 1978 இல் அமெரிக்கா தன் விமானக் கம்பனிகளை அரசின் பிடியிலிருந்து விடுவித்தது மெய். அதுவரை எந்தக் கம்பனி எந்த வழியிற் பறப்பது, என்ன கட்டணம் அறவிடுவது என்பவற்றை நிர்ணயித்து வந்த சிவில் விமான வாரியம், 1984 ஆம் ஆண்டின் முடிவோடு கலைக்கப்பட்டதும் மெய். பெருநகர்களுக்கிடையே போட்டி பெருகியது, கட்டணமும் குறைந்தது. ஆனால் கதையின் மறுபாதியை இவர்கள் சொல்வதில்லை. அதே சட்டம் சிற்றூர்களைக் காக்க ஓர் ஏற்பாட்டையும் செய்தது. இன்றியமையா விமான சேவை என்பது அதன் பெயர். அக்காலத்தில் சேவை பெற்றுவந்த ஊர்களுக்குக் குறைந்தபட்ச சேவை தொடர்ந்து கிடைக்கும் என அரசு உறுதியளித்தது. இலாபம் போதாத வழிகளுக்கு உதவிப்பணம் கொடுத்தது. பத்தாண்டுக்கென வகுத்த அவ்வேற்பாடு பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது.

அதனுள்ளே ஒரு விதி எம்மைப் போன்ற ஊர்களுக்கு மிகவும் வேண்டியது. ஓர் ஊருக்கு எஞ்சியுள்ள கடைசிச் சேவையை நிறுத்த விரும்பும் கம்பனி, நூற்று நாற்பது நாட்களுக்கு (2024 வரை தொண்ணூறு நாட்களுக்கு) முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். அத்தவணைக்குள் மாற்றுக் கம்பனி கிடைக்காவிடின், கிடைக்கும்வரை சேவையைத் தொடரும்படி அக்கம்பனிக்கு அரசு கட்டளையிடலாம். அதனால் வரும் நட்டத்தை அரசு ஈடு செய்யும். தனியுடைமையின் தலைநாடு என்று புகழப்படும் அமெரிக்காவிலே இது சட்டம்! அங்கே உள்நாட்டு வழிகளுக்கு உரியது இது. எமதோ இரு நாடுகளுக்கு இடைப்பட்ட வழி. அவ்வேறுபாட்டை நாம் அறிவோம். ஆயினும் இரு அரசுகளும் கூடி எழுதும் உடன்படிக்கையில் தொண்ணூறு நாள் அறிவித்தல் என்னும் ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்தச் சர்வதேசச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

அண்டை நாட்டில் 2025 டிசெம்பரில் நிகழ்ந்தது எமக்கு மிக அண்மைப் பாடம். விமானிகளின் ஓய்வு நேரத்தை வாரத்துக்கு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்தும் இந்திய அரசு விதி செய்திருந்தது. களைத்த விமானி விமானம் ஓட்டலாகாது என்பதே அதன் நோக்கம், நியாயமான நோக்கம். அவ்விதிக்கு ஏற்ப ஆயத்தமாகாதிருந்த இண்டிகோ நிறுவனம் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான பயணங்களை இரத்துச் செய்தது. இந்தியாவின் உள்நாட்டுப் பயணிகளில் ஐந்தில் மூவருக்கு மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் நிறுவனம் அது. அது தடுமாறியதும் நாடே தடுமாறியது. ஏனைய கம்பனிகளின் கட்டணம் வானை முட்டியது. டிசெம்பர் 6 அன்று அரசு தலையிட்டது. 500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணத்துக்கு 7,500 இந்திய ரூபா, 1,000 கிலோமீற்றர் வரை 12,000 ரூபா என உச்சவரம்பு விதித்தது. அந்நிறுவனத்தின் சேவைகளிற் பத்திலொரு பங்கைக் குறைக்குமாறும் கட்டளையிட்டது. அதே வேளையில், ஓய்வு விதிகளிற் சிலவற்றிலிருந்து அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் அளிக்க நேர்ந்தது. தனிப்பெரும் நிறுவனமாக வளர விட்டபின் அதைக் கட்டுப்படுத்த முனையும் அரசு, இறுதியில் தன் விதியையே தளர்த்த வேண்டியதாயிற்று.

இதில் எமக்கென்ன என்று கேட்கலாம். 2024 செப்டெம்பர் 1 இல் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையிலும், 2025 மார்ச் 30 இல் திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையிலும் சேவை தொடங்கியது அதே இண்டிகோதான். அச்சேவைகளை நாம் மனமார வரவேற்றோம். திருச்சி எமக்கு நேர்க்கோட்டில் இருநூறு கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம். வைத்தியத்துக்கும் கல்விக்கும் கோயிலுக்கும் உறவுக்கும் அதனினும் அண்மை. ஆனால் டிசெம்பரில் விதித்த கட்டண உச்சவரம்பு இந்தியாவின் உள்நாட்டுப் பயணங்களுக்கு மட்டுமே உரியது. மதுரைக்குப் போகும் சென்னைவாசிக்குக் கிடைத்த பாதுகாப்பு, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் எம்மவருக்கு அந்நாட்டுச் சட்டத்தாற் கிட்டவில்லை. இந்நாட்டு அரசோ அத்தகைய பாதுகாப்பைத் தர முன்வரவில்லை. இரு அரசுகளின் எல்லைக்கோட்டில் நிற்பவனை இரு அரசுகளும் மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

கட்டணம் கேள்வியைப் பொறுத்து ஏறியிறங்குவதை நாம் முற்றாக எதிர்க்கவில்லை. மூன்று மாதம் முந்திப் பதிபவன் குறைவாகக் கொடுப்பதில் நியாயமுண்டு. இந்தியாவின் 1937 ஆம் ஆண்டு விமான விதிகளில் 135 ஆம் விதி, செலவையும் நியாயமான இலாபத்தையும் நோக்கிக் கம்பனியே கட்டணம் வகுக்க இடமளித்தது. அது மிகையானால் தலையிடும் அதிகாரத்தையும் அரசிடம் வைத்தது. அத்தகைய ஓர் அதிகாரம் வேண்டும். வேண்டும் வேளையில் அதைக் கையாளும் நெஞ்சுரமும் வேண்டும். நோயாளியும் மரணச் சடங்குக்குச் செல்பவனும் மூன்று மாதம் முந்திப் பதிவதில்லை. இனி, அரசின் வரியும் உண்டு. பறக்கும் தூரத்தை நோக்காது தலைக்கு இவ்வளவென விதிக்கும் எந்த வரியும் குறுந்தூரப் பயணியின் தலையிலேயே பாரமாக இறங்கும். கம்பனியைக் கட்டுப்படுத்தும் அரசு தன் கையையும் சற்றுக் கட்டுப்படுத்திக்கொள்ளட்டும்.

"நிபந்தனைகளை அடுக்கினால் கம்பனிகள் ஓடிவிடும், இருப்பதும் போய்விடும்" என்று அஞ்சும் நண்பர்கள் எம்மிடையே உளர். அவ்வச்சம் வீணானதன்று. பயணிகள் குறைந்த வழியில் நட்டத்துக்கு ஓடும்படி எவரையும் வற்புறுத்த முடியாது. ஆகையாற்றான் அமெரிக்கா கட்டளையோடு காசும் கொடுக்கிறது. இந்தியாவும் 2016 இல் உடான் திட்டத்தைத் தொடங்கி, சிற்றூர் வழிகளில் ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபா எனக் கட்டணத்தை வரையறுத்து, கம்பனிக்கு நேரும் குறைவை அரசே நிரப்பியது. அசாம் மாநில அரசு இன்னுமொரு படி மேலே சென்று, குவாஹாத்தியிலிருந்து அயல்நாட்டு நகர்களுக்குச் செல்லும் சேவைகளுக்கும் தன் பணத்திலிருந்து உதவியது. ஒரு மாநில அரசால் அது முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

எமது மாகாணத்தால் ஏன் முடியாது? அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் விமானப் போக்குவரத்தையும் விமான நிலையங்களையும் மத்திய அரசுக்கென ஒதுக்கி வைத்துவிட்டது. போதாக்குறைக்கு, வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஓராண்டு கழித்துப் பலாலி திறக்கப்பட்ட வேளையில், மக்களின் பெயரால் ஒரு கேள்வி கேட்கவேனும் அங்கே ஒரு சபை இருக்கவில்லை. கொழும்பிலோ, 2002 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை விதி செய்கிறது. விமான நிலையங்களை நடத்தும் கம்பனி அரசின் கம்பனி; ஸ்ரீலங்கன் அரசின் சேவை. ஆட்டக்காரனும் மத்தியஸ்தனும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாயிருக்கையில், வெளியூர்க் கம்பனியை நம்பியிருக்கும் வடபுலப் பயணியின் வழக்கை எவர் எடுத்துரைப்பார்?

ஒன்றை மயக்கத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறோம். பறப்புப் பாதுகாப்பு விதிகளில் எள்ளளவு தளர்வையும் நாம் கோரவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் 55 உயிர்களோடு கடலில் வீழ்த்தப்பட்டதை இம்மண் மறக்கவில்லை. அவர்களுட் பெரும்பாலானோர் எம்மவர்.

காணிக்கு வருவோம், எமது வாசகர்களில் உழுதுண்டு வாழ்வோர் இதனையே முதலிற் கேட்டிருப்பார்கள். பலாலித் தளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படைக்கென அமைக்கப்பட்டது. அதைச் சூழ்ந்திருப்பது செம்மண். பொன் விளையும் பூமி. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் அம்மண்ணை விட்டு வெளியேறினார்கள். 2013 இல் 6,381 ஏக்கரைப் பாதுகாப்புப் படையினரின் தேவைக்கெனச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். பின்னர் ஒரு பகுதி கட்டங்கட்டமாக விடப்பட்டது. பெரிய விமானம் வேண்டுமாயின் நீண்ட ஓடுபாதை வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். எழுபது பேர் செல்லும் சிறு விமானத்தால் மரக்கறியையும் பழத்தையும் பெருமளவில் ஏற்றிச் செல்ல இயலாது என்பதும் உண்மை. ஆனால் எத்தனை ஏக்கர் வேண்டும், எவருடைய ஏக்கர், விமானத்துக்கா படை முகாமுக்கா, என்ன விலை என்பவற்றை வரைபடத்தோடு மக்கள்முன் வைக்காமல் எடுக்கும் ஒரு பரப்புக்கும் நாம் உடன்பட மாட்டோம். விமானத்தைக் காட்டிக் காணியைக் கொள்வதும், காணியைக் காட்டி விமானத்தை மறுப்பதும் ஒரே கையின் இரு விரல்கள்.

அராலிப் பெரியவரின் வினாவுக்கு எம்மாலியன்ற விடையை இவ்வாரம் தேடத் தொடங்கியுள்ளோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனும் பகிரங்க அதிகாரசபையிடம் தகவல் கோரலாம் என்கிறது. கொடுப்பதா இல்லையா என்னும் முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நாம் எழுதியிருக்கும் கேள்விகள் நான்கு. யாழ்ப்பாணத்துக்குச் சேவை நடத்த வழங்கிய அனுமதிகளின் நிபந்தனைகள் யாவை? சேவையை நிறுத்துமுன் எத்தனை நாள் அறிவித்தல் கொடுக்கக் கம்பனி கடமைப்பட்டுள்ளது? 2021 ஜனவரி முதல் 2022 டிசெம்பர் வரை பலாலியை மீளத் திறப்பது பற்றி நடந்த கடிதப் போக்குவரத்து எங்கே? ஓடுபாதையை நீட்டுவதற்கெனக் குறித்துள்ள காணியின் வரைபடம் எங்கே?

விண்ணப்பத்தை எமது பெயரில் அனுப்பவே எண்ணியிருந்தோம். பெரியவர் ஒப்பவில்லை. "கேட்டது நான்தானே, தம்பி" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு தரம் முழுவதையும் வாசித்து, நான்காவது கேள்வியைப் பட்டியலின் தலைப்புக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டே கையொப்பம் வைத்தார். பதினான்கு வேலை நாட்கள் கழிந்ததும், வந்த மறுமொழியையோ வராத செய்தியையோ இப்பக்கத்தில் வெளியிடுவோம்.